மழைப் பணம்

"படிக்கத் தெரியுது. புரியுதா?"

ராகவன் அங்கிள் இதைக் கேட்டபோது என் இரண்டு கைகளிலும் பிரியாணி ட்ரே இருந்தது. மேலே மூடிய தாளின் ஓரத்தில் ஆவி கசிந்து மணிக்கட்டைச் சுட்டது. கீழே வைக்க இடமில்லை.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி என்ற ஊரில், ஒரே மாதிரி செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் அவர் வீடு. எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். அன்று அவர் மகளின் பிறந்தநாள். அத்தா சமைத்துக் கொடுத்ததை அம்மாவும் நானும் வேனில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு நிமிஷம் முன்னால்தான் அம்மா வாசலில் நின்று அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். "சார், நான் ஓட்டுப் போட்டுட்டேன். மொத ஓட்டு."

"அட, சூப்பர். ரோடு ப்ரொபசிஷனுக்கா? வேணும்னா, வேணாம்னா, எதுக்குப் போட்டீங்க?"

"வேணாம்னு போட்டேன் சார். மழைப் பணத்துல போய் கை வைக்கலாமா? நூரு எல்லாம் படிச்சுச் சொன்னா."

சொல்லிவிட்டு ரைத்தா வாளியோடு உள்ளே போய்விட்டாள். அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"ரெய்னி டே ஃபண்டையா மழைப் பணம்னு சொன்ன?"

தலையாட்டினேன்.

"அதுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லம்மா. கஷ்ட காலத்துக்குன்னு ஒதுக்கி வைக்கிற பணத்துக்கு இங்கிலீஷ்ல அப்படி ஒரு பேரு, அவ்வளவுதான்." அவர் சத்தமாகக்கூடச் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

சமையலறையில் அம்மா கரண்டிகளைக் கழுவும் சத்தம் கேட்டது. குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் காதில் எதுவும் விழவில்லை. விழுந்திருந்தால் எனக்கு மூன்று வருஷம் மிச்சமாகியிருக்கும்.

கடிதம் வந்தால் நூரு

என் பெரியத்தா கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்து, ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டவர். தம்பிக்காக அவர் போட்ட மனு, நான் பிறப்பதற்கு முன்பே போட்டது, எனக்கு ஒன்பது வயதானபோது பலித்தது. ராமநாதபுரத்துப் பக்கம் கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த அத்தா, கையில் கிரீன் கார்டோடு வந்து இறங்கினார். பின்னால் அம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான்.

அத்தா வீட்டிலும் சரி, அம்மா வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதை இன்றைக்கும் கொஞ்சம் தலையை நிமிர்த்தித்தான் சொல்வேன்.

எங்கள் அபார்ட்மென்டில் தபால் பெட்டிகளும் துணி துவைக்கும் மெஷின்களும் ஒரே அறையில் இருந்தன. அதனால் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் சோப்புத் தூள் வாசம். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் நேராக அங்கே போவேன். ஓடிக்கொண்டிருக்கும் டிரையர் மேல் ஏறி உட்கார்ந்து, கால் சூடேற, ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். வாடகை நோட்டீஸ், கேஸ் பில், பள்ளியிலிருந்து வந்த கடிதம், பீட்சா கூப்பன். கூப்பனையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழாக்கிச் சொல்வேன். அம்மா துணி மடித்தபடி அக்கறையாகக் கேட்பாள்.

"அப்ப இவங்க நமக்கு எதுவும் தர வேண்டியதில்லையா?"

"இல்லம்மா. நாம வாங்கினா கொஞ்சம் குறைப்பாங்களாம்."

"பீசா வேணாம்னு எழுதிப் போட்டுரு."

இந்த அமெரிக்காவில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொரு காகிதமும் என் வாய் வழியாகத்தான் உள்ளே போனது. அந்த வேலையை நான் பதவியாகவே நினைத்திருந்தேன்.

தப்புகளும் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் சாலையின் பெயரில் எஃப்.எம். என்று இரண்டு எழுத்து வரும். டெக்சஸில் அப்படி நிறையச் சாலைகள் உண்டு. அந்தத் தெருவில் ரேடியோ ஸ்டேஷன் இருக்கிறது என்று அத்தாவுக்கு விளக்கம் சொன்னதும் நான்தான். அவரும் நம்பி, வேன் ஓட்டும்போது அந்த வளைவு வந்தால் ரேடியோவைப் போட்டுக் காதைத் தீட்டுவார். "சிக்னல் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகப் போட்ட சாலைகள் அவை, பண்ணையிலிருந்து சந்தைக்கு என்பதன் சுருக்கம்தான் அந்த இரண்டு எழுத்து என்பதை ஒன்பதாம் வகுப்பில்தான் படித்தேன். அன்று மாலை அத்தாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "பொருத்தமான ரோடுதாம்மா நமக்கு. நாமளும் சோத்தைத்தானே சந்தைக்குக் கொண்டுபோறோம்."

சாலையோரப் பள்ளம்

அந்தச் சாலை பண்ணைக்காரர்களுக்குப் போட்டது. போக ஒரு தடம், வர ஒரு தடம். இரண்டு பக்கமும் ஓரம் கிடையாது. தார் முடிந்த இடத்திலேயே மழைநீர் ஓடும் பள்ளம் ஆரம்பித்துவிடும். இதற்கிடையில் நெல் வயல்களெல்லாம் வீடுகளாகி, காலை நேரத்தில் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன.

கொஞ்ச தூரத்தில் சுங்கச் சாலை இருந்தது. அகலமாக, வழுக்கிக்கொண்டு போகும். "ரோட்டுல போறதுக்கு டிக்கெட்டா?" என்று அத்தா கடைசிவரை அதில் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, வளைகாப்பு வீடு ஒன்றுக்கு சாம்பார் கொண்டு போனோம். தூறல். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய வேன், தாரை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பின்னால் இருந்த எனக்கு ஒன்றுமில்லை. முன்சீட்டில் அம்மா மடியில் பிடித்திருந்த சாம்பார் வாளி, அவள் இடது முன்கையில் முழுசாகக் கொட்டியது.

சிவப்பு விளக்கு சுழலும் வண்டி வரும்வரை புல்லில் உட்கார்ந்திருந்தோம். ஈர மண் வாசமும் பெருங்காய வாசமும் சேர்ந்து அடித்தது. அம்மா அழவில்லை. கையை மழைக்கு நீட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு முழம் அகலம் இருந்திருந்தா போதும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அவள் வலது கை கதவின் மேல் கைப்பிடியைத் தேடிப் போய்விடும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலையை அகலமாக்க வேண்டும் என்று எங்கள் பகுதியில் யாராவது மனதார ஆசைப்பட்டார்கள் என்றால் அது என் அம்மாதான்.

தமிழுக்கு முன்னால் இங்கிலீஷ்

அத்தாவுக்குக் குடியுரிமை கிடைத்தபோது எனக்குப் பதினெட்டு ஆகவில்லை. அதனால் எனக்கும் சேர்ந்தே கிடைத்தது. அம்மா பரீட்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

தன் பெயரைத் தமிழில் எழுதவே தெரியாதவள். நான் பழைய நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அவள் சோறு வேகும் நேரத்தில் எழுதுவாள். மாவு ஒட்டிய விரல். கோலம் போடுவதைப் போல ஒவ்வொரு எழுத்தையும் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பாள். இங்கிலீஷ் ஓ மட்டும் அச்சு மாதிரி வட்டமாக விழும். "இது வடை" என்பாள்.

முதல் தடவை தவறிவிட்டது. இரண்டாம் தடவை தேறினாள். அலுவலகத்துக்கு வெளியே வந்ததும் அத்தா கேட்டார்: "என்ன எழுதச் சொன்னாங்க?"

"என்னமோ வாஷிங்டன்னு வந்துச்சு. ரெண்டு வடை இருந்துச்சு, போட்டுட்டேன்."

அடுப்புத் திருகு

அந்த நவம்பரில் வந்த தேர்தலில்தான் சாலைக் கேள்வி இருந்தது. எண்ணெயிலும் எரிவாயுவிலும் வரும் வரியில் ஒரு பங்கு, மாநிலத்தின் சேமிப்பு நிதிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் பாதியை நெடுஞ்சாலைகளுக்குத் திருப்பலாமா என்று மக்களைக் கேட்டார்கள். சுங்கச் சாலைகளுக்கு அந்தப் பணம் கிடையாது. எங்கள் சாலை மாதிரி சும்மா போகும் சாலைகளுக்குத்தான்.

அந்தச் சேமிப்பு நிதியின் செல்லப் பெயர்தான் ரெய்னி டே ஃபண்ட்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சமுதாயக் கல்லூரியில் முதல் வருஷம். வீட்டுக்கு வந்த துண்டறிக்கையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். மூன்று சொல்லும் தெரிந்த சொல். மழை, நாள், நிதி. அகராதியைத் தொடக்கூட இல்லை.

"மழைப் பணத்துலேர்ந்து எடுத்து ரோடு போடலாமான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "மழைப் பணம்னா? தண்ணி வந்தா குடுப்பாங்களே, அதுவா?"

"அதுதான்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது.

அம்மாவுக்கு ஏன் கை நின்றது என்று எனக்குத் தெரியும். நாங்கள் வந்த இரண்டாம் வருஷம் ஒரு பெருமழையில் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ் வீட்டில் இருந்தவர் கமலா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். படுக்கை, துணி, தையல் மெஷின், கல்யாண ஆல்பம் எல்லாம் ஊறிப்போயின. இரண்டு வாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆல்பத்தின் ஒவ்வொரு படத்தையும் பிரித்து, எங்கள் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். பாதிப் படங்களில் முகம் கரைந்திருந்தது. பிறகு அவர் எங்கள் சமையல் வேலையிலேயே சேர்ந்துகொண்டார்.

முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில், பக்கத்து நூலகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். தரை விரிப்பின் பழைய வாசம், காகித வாசம். அம்மா பெருநாளுக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். மொழி தெரியாதவருக்கு உதவ ஒருவர் கூடப் போகலாம். ஆனால் அவர் சத்தியம் செய்ய வேண்டும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னை வலது கையைத் தூக்கச் சொன்னார். கேட்பதையும் சொல்வதையும் சரியாக மொழிபெயர்ப்பேன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

அம்மா என் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

மெஷினில் பொத்தான்களை விடப் பெரிதாக ஒரு சக்கரம் இருந்தது. அதைத் திருகினால் திரையில் நீலப் பட்டை நகரும். "அடுப்புத் திருகு மாதிரி இருக்கு" என்று அம்மா கிசுகிசுத்தாள். மெல்லத் திருகினாள். சாலைக் கேள்வி வந்தது. படித்துச் சொன்னேன். திரையில் குறிப்பிட்ட ஒரு பணம் என்றுதான் இருந்தது. எந்தப் பணம் என்று இல்லை.

"எந்தப் பணம், அந்த மழைப் பணம்தானா?"

"ஆமாம்மா."

அவள் வலது கை இடது முன்கையைத் தொட்டது. தழும்பை விரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு திருகை இன்னும் ஒரு படி நகர்த்தி, வேண்டாம் என்பதில் நிறுத்தினாள்.

வெளியே வந்ததும் கொடுத்த ஸ்டிக்கரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை

பிறந்தநாள் வீட்டுக்குத் திரும்புகிறேன். கையில் ட்ரே. ராகவன் அங்கிள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை; வேறொன்று கேட்டேன்.

"நீங்க எதுக்குப் போட்டீங்க, அங்கிள்?"

அவர் ட்ரேயை வாங்கிக்கொண்டார். "நான் எங்கம்மா ஓட்டுப் போடறது? கிரீன் கார்டே இன்னும் க்யூல நிக்குது."

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஓட்டே இல்லாதவருக்குப் புரிந்தது, ஓட்டு இருந்த எங்களுக்குப் புரியவில்லை.

வேனில் திரும்பும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எஃப்.எம். சாலையில் ஏறினோம். அவள் கை கைப்பிடிக்குப் போயிற்று. "அந்தச் சார் என்னமோ கேட்டாரே, என்னவாம்?" என்றாள்.

"காலேஜ் பத்திக் கேட்டாரும்மா."

தேர்தல் நாளன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தனியாக வரிசையில் நின்று, நான் என் முதல் ஓட்டைச் சாலைக்கு ஆதரவாகப் போட்டேன். அதாவது, அம்மாவின் ஓட்டை என் ஓட்டால் கழித்தேன். வீட்டில் அதையும் சொல்லவில்லை.

திட்டம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. மறுநாள் காலை தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்து அம்மா டீயைக் கீழே வைத்தாள். "தோத்துட்டோமா?"

"ரோடு வரும்லம்மா."

"ரோடு வரட்டும். தண்ணி வந்தா கமலா என்ன செய்வா?"

அதற்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஸ்டிக்கர் என் கண்ணில் பட்டது. பால் எடுக்க, மல்லி எடுக்க, தண்ணீர் எடுக்க. ஓரம் சுருண்டு, நீலம் வெளுத்து, அது அங்கேயே இருந்தது.

வெங்காயத்துக்கு நடுவில்

மூன்று வருஷம் கழித்து அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. ஹூஸ்டனில் இருந்த யாருக்கும் அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நாட்கணக்கில் பெய்தது. நெடுஞ்சாலைகள் ஆறாக ஓடின. எங்கள் எஃப்.எம். சாலை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. தந்திக் கம்பங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

மழை விட்டதும் பள்ளிவாசல் கூடத்தில் பொதுச் சமையல் ஆரம்பித்தது. அத்தா அண்டாவில் கிச்சடி கிண்டினார். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து காய் வெட்டினோம். ஈரத் துணி, டீசல், வெங்காயம், எல்லாம் கலந்த ஒரு வாசம். கமலா அக்கா இப்போது மாடி வீட்டுக்கு மாறியிருந்தார். அவருக்கு இந்த முறை ஒன்றுமில்லை. அவர்தான் பேச்சை எடுத்தார்.

"இவ்வளவு சனத்துக்கும் இனி காசு எங்கேயிருந்து வரப்போகுது?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வராது. மழைப் பணத்தைத்தான் ரோட்டுக்குக் குடுத்துட்டாங்களே. எம் பொண்ணு அன்னைக்கே படிச்சுச் சொன்னா."

"ஓம், நூரு அப்பவே சொன்னவள்" என்றார் கமலா அக்கா. எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு அம்மா, "படிச்ச புள்ளன்னா சும்மாவா" என்றார். இன்னொருவர், "எங்க வீட்டு லெட்டரையும் நீதாம்மா பார்த்துச் சொல்லணும்" என்றார்.

என் தப்பு அங்கே தீர்க்கதரிசனமாகிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், அது நிரந்தரமாகிவிடும். வீடிழந்தவர்கள், அரசாங்கத்திடம் பணமே இல்லை என்று நம்பி மனுக்கூடப் போடாமல் இருந்துவிடுவார்கள்.

"அது மழைப் பணம் இல்ல" என்றேன்.

"என்னது?"

"நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. அந்தப் பேருக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்ல. வெள்ளத்துக்குக் குடுக்கிற பணம் வேற. அதை யாரும் எடுக்கல. எல்லாரும் மனுப் போடுங்க."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஓட்டுப் போட்ட அடுத்த வாரமே."

அண்டாவில் அத்தாவின் கரண்டி நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. நறுக்கிய வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கண்ணில் தண்ணீர் எதனால் என்று சொல்ல முடியாத இடம் அது.

கமலா அக்காதான் மெதுவாகக் கேட்டார். "அப்ப, அக்கா, எனக்காகவோ நீங்கள் அந்த றோட்டை வேண்டாமெண்டு போட்டனீங்கள்? அந்தக் கையோட?"

"உனக்காகன்னு யாரு சொன்னா?" அம்மா கத்தியை எடுத்தாள். "வெட்டு, வெட்டு. சனம் பசியோட நிக்குது."

பதவி போயிற்று

வேனில் வீடு திரும்பும்போது அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

"கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினியே, நூரு."

மறுநாள் தபால் பெட்டிச் சாவி, அது வழக்கமாகத் தொங்கும் ஆணியில் இல்லை. அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது. வேனுக்கு வந்த இன்சூரன்ஸ் கடிதத்தை அவள் ராகவன் அங்கிள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த கடிதத்தையும். அதற்கடுத்ததையும். ஒன்பது வயதிலிருந்து நான் பார்த்த வேலை. பக்கத்து அறையில் கட்டுமானப் பொறியியல் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, அவள் செருப்பு மாட்டும் சத்தத்தைக் கேட்பேன்.

அத்தாவிடம் முறையிட்டேன். "தபால்காரரைத் தூக்கினா சும்மாவா தூக்குவாங்க" என்று கிண்டலடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "விடு, வருவா" என்றார்.

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா ஒரு உறையை என் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"அவரு நல்ல மனுசன்தான். ஆனா, டிடக்டபிள் பே பண்ணணும், அப்புறம்தான் கிளெய்ம் ப்ராசஸ் பண்ணுவாங்கங்கிறாரு. தமிழ்லதான் சொல்றாரு, ஒண்ணும் விளங்கல. நீயே படி. ஆனா ஒண்ணு. நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்வேன். சொல்லும்போது நீ என் மூஞ்சியைப் பாக்காத, பேப்பரைப் பாரு."

படித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டு இடத்தில் தப்பு. ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. திருத்திக்கொண்டோம்.

கடைசியில், உறையை மடித்தபடி கேட்டாள். "அந்த மழைப் பணம் மழைக்கு இல்லேன்னா, வேற எதுக்கு?"

"ஆகாத காலத்துக்குன்னு எடுத்து வைக்கிறதும்மா. அவசரத்துக்கு."

அம்மா உறையைக் கீழே வைத்தாள். பிறகு அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கடுகு டப்பாக் காசுன்னு சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமேடி."

மூன்று வருஷம் நான் தேடாத சொல். அடுப்பு மேடையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

இந்த வாரம்

எங்கள் எஃப்.எம். சாலை இப்போது அகலம். நடுவே புல், இரண்டு பக்கமும் ஓரம், பள்ளத்துக்குப் பதில் சிமென்ட் வாய்க்கால். அந்தத் திட்டத்தின் பணம்தானா இதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதை நான் விட்டு ரொம்ப நாளாகிறது. சாலைகளில் விழும் மழைநீர் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் இன்று என் வேலை. அம்மாவின் கை மட்டும் இன்னும் அந்த வளைவில் கைப்பிடியைத் தேடுகிறது.

எங்கள் மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தலாமா என்று மக்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த நவம்பருக்கும் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. பட்டியலோடு நான் இன்னொரு தாளையும் கொண்டுவந்தேன். ஓட்டுச் சாவடியில் வேலை பார்க்க விண்ணப்பம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதையும் படித்துக் காட்டச் சொன்னாள்.

காலை எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், என்ன சத்தியம் செய்ய வேண்டும், வேறு என்ன மொழி தெரியும் என்று கேட்கும் கட்டம், மொழி தெரியாதவர் வந்தால் உதவ வேண்டும் என்ற வரி. எல்லாம் சொன்னேன்.

"மறுபடி கையைத் தூக்கணுமா?"

"ஆமாம்மா."

"சரி, பேப்பரைப் பாரு." தொண்டையைச் செருமிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். "வெள்ளனப் போகணும். நாளெல்லாம் நிக்கணும். வர்றவங்களுக்கு விளங்கலேன்னா விளங்குற மாதிரி சொல்லணும். உனக்கே விளங்கலேன்னா, விளங்கலேன்னு சொல்லணும். இதுதானே போட்டிருக்கு?"

தாளைப் பார்த்தேன். கடைசி வரி அதில் இல்லை.

"இதுதாம்மா" என்றேன்.

மொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில், அதே நூலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.